இரண்டு பக்கமும் நியாயம் கண்டவர்

எங்கள் பள்ளியின் உப அதிபர் யாருக்கும் எதிராக ஒரு வார்த்தை சொன்னதாக எவரும் சொல்ல மாட்டார்கள். அதைத்தான் அவருடைய பெரிய குணம் என்று ஹட்டனில் இன்றும் பேசுகிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் பேசினேன். இப்போது அந்தக் குணத்தை நினைத்தாலே குமட்டுகிறது.

டிக்கோயாவிலிருந்து நானுஓயா வரைக்கும் எந்தக் கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் நடந்தாலும் அவர்தான் நடுவர். மெரூன் நிறத்தில் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று வைத்திருந்தார். மேடைக்கு வெயில், மழை எல்லாவற்றுக்கும் அதுதான். தீர்ப்புச் சொல்லும் நேரம் வந்ததும் எழுந்து நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் ஓரத்தில் துடைப்பார். பிறகு வலது கையை விரிப்பார். “இந்தப் பக்கமும் நியாயம் இருக்கு.” இடது கையை அதே உயரத்துக்குக் கொண்டு வருவார். “அந்தப் பக்கமும் நியாயம் இருக்கு.” இரண்டு கைகளும் மெல்லச் சேர்ந்து கும்பிடாக மாறும். சனம் கைதட்டும். இரண்டு அணிக்காரர்களும் ஜெயித்த முகத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

மேடையில் அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அவர் மேடையை விட்டு இறங்கிய பிறகும் நடுவராகவே இருந்தார்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மாரியாயி அக்கா என்று ஒருவர். புருஷன் இல்லை. லயத்தின் கடைசி அறையான காம்பராவில் இருந்தார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசலை நீட்டிச் சமைக்கக் குசினி கட்டியபோது அக்கா வெளியே வரும் பாதை அடைபட்டுப் போனது. சண்டை பெரிதாகி, உப அதிபர் சேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் இரண்டு வீட்டிலும் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் படிப்பையும் விசாரித்தார். கடைசியில் வாசலில் நின்று, “அவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு, எடம் பத்தல. அக்காவுக்கும் பாத வேணும். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அனுசரிச்சுப் போங்க” என்றார். எல்லோருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. குசினி அப்படியே இருந்தது. மாரியாயி அக்கா அதன் பிறகு விறகுக் கட்டோடு லயத்தைச் சுற்றி, சாக்கடைக் கானுக்குள் இறங்கி ஏறித்தான் வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு தடவை மழையில் வழுக்கி விழுந்ததைப் பார்த்தேன். அப்போதுகூட எனக்குச் சேர் மேல் கோபம் வரவில்லை. அவர் அழகாகப் பேசியது மட்டும்தான் நினைவில் இருந்தது.

அவர் நல்லது செய்ததும் உண்டு. அதை மறைத்தால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

என்னோடு படித்தவள் புவனா. அவளுடைய அப்பா தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் வேலை, அம்மா கொழுந்து எடுப்பவர். பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் அவள்தான் பள்ளியில் முதல். ஆனாலும் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு அவளை அனுப்ப வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். சேர் பள்ளியிலிருந்து அவர்கள் இருந்த மலைக்கு நடந்தே போனார். நானும் கூடப் போனேன். அவளுடைய அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, “உங்க பக்கம் நியாயம் இருக்குண்ணே. வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாதா, நானும் லயத்துல பொறந்தவன்தானே. அந்தப் புள்ள பக்கமும் நியாயம் இருக்கு. ரெண்டே ரெண்டு வருஷம் குடுங்க” என்றார். புவனாவின் அப்பா தலையைக் குனிந்துகொண்டே சரி என்றார். அன்று சேர் திரும்பிப் போகும்போது புவனா அவர் காலில் விழுந்தாள். அவர் பதறிப்போய் அவளைத் தூக்கியது பொய்யான பதற்றம் இல்லை.

அந்த இரண்டு வருஷ உயர்தர வகுப்பில் நாங்கள் பயோ பிரிவில் பதினோரு பேர். கெமிஸ்ட்ரிக்கு முதல் வருஷம் முழுக்க ஆசிரியர் இல்லை. முந்திய வருஷத்து அக்காமாரின் குறிப்புக் கொப்பிகளை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டோம். புவனா அதையெல்லாம் மனப்பாடம் செய்து எங்களுக்கே திருப்பிச் சொல்லிக் கொடுப்பாள்.

இரண்டாம் தவணையில் வரவு குறிக்கும் இடாப்பில் பன்னிரண்டாவதாக ஒரு பெயர் ஏறியது. கிஷோர். கொழும்பில் ஒரு பெரிய பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன். அவனுடைய அப்பாவும் சேரும் ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாக இருந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. மாதத்தில் ஒரு நாள் அவன் வேனில் வந்து இறங்குவான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்து, பள்ளி விட்டதும் போய்விடுவான். மற்ற நாட்களில் கொழும்பில் பேர்போன டியூஷன் வகுப்புகளில் இருப்பான். நல்ல பையன்தான். ஒரு தரம் என்னிடம், “நீங்க எல்லாருமே லயத்திலயா இருக்கிறீங்க?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டான்.

அவன் ஏன் இங்கே வந்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மருத்துவ பீடத்துக்குப் பிள்ளைகளை எடுக்கும்போது, படிக்க வசதி குறைந்த மாவட்டங்களுக்குக் கொஞ்ச இடம் தனியாக வைத்திருக்கிறார்கள். நுவரெலியா அப்படி ஒரு மாவட்டம். கொழும்பில் இடம் கிடைக்கப் போதாத புள்ளி இங்கே போதும். ஆனால் இந்த மாவட்டத்துப் பள்ளியில் படித்ததாக இருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி வரவு இடாப்பு.

அந்த இடாப்பு என் கையில் இருந்தது. வகுப்பாசிரியை பிரசவ விடுமுறையில் போயிருந்ததால், மாணவத் தலைவியான நான்தான் தினமும் காலையில் குறித்தேன். முதல் வாரம் கிஷோரின் பெயருக்கு நேரே வரவில்லை என்று போட்டேன். சேர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“அந்தப் பையன் படிச்சுக்கிட்டுத்தானே இருக்கான். எங்க இருந்து படிச்சா என்ன. வரவு போட்ரும்மா.”

“வராத நாளைக்கும் போடவா சேர்?”

“நீ கேக்குறதுலயும் நியாயம் இருக்கு,” என்றார் சிரித்துக்கொண்டே. “ஆனா நம்ம ஸ்கூல்ல இருந்து இதுவரைக்கும் ஒரு டொக்டர் வரல. ஒருத்தன் போனாத்தான் அடுத்தவங்களுக்கு வழி தெறக்கும். அதையும் பாக்கணும் இல்லையா?”

பென்சிலால் போட்டிருந்ததை அழித்துவிட்டு மையால் வரவு என்று போட்டேன். அவர் யாரிடமும் எதையும் வாங்கிக்கொண்டு இதைச் செய்தார் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. பள்ளிச் சுவரில் தொங்கப் போகும் ஒரு படம் அவருக்குப் போதுமாக இருந்தது.

கலைவிழாவுக்கு அவர் வைத்த பட்டிமன்றத்தின் தலைப்பு, மருத்துவக் கல்விக்கு மாவட்ட ஒதுக்கீடு வேண்டுமா என்பது. வேண்டும் என்று பேச புவனா. வேண்டாம் என்று பேச ஆளில்லாமல் சேர் கிஷோரை வரவழைத்தார். புவனா கெமிஸ்ட்ரி டீச்சர் இல்லாத ஒரு வருஷத்தைப் பற்றிப் பேசினாள். அந்த ஒரு வருஷத்தை எந்தப் புள்ளியில் சேர்ப்பீர்கள் என்று கேட்டாள். பின்னால் நின்ற தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு கிஷோர் எழுந்தான். நன்றாகவே பேசினான்.

“உயிருக்குப் போராடும் நோயாளி, தனக்கு ஊசி போடுபவர் எந்த மாவட்டம் என்று கேட்பாரா? எந்த இனம் என்று கேட்பாரா? திறமைக்கு மாவட்டமும் இல்லை, இனமும் இல்லை” என்றான்.

அன்று காலையிலும் அவனுக்கு வரவு போட்டிருந்தேன். அந்த மாதத்தில் அது ஒன்றுதான் உண்மையான வரவு.

சேர் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு கைகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டு வந்தார். புவனா சொன்னதிலும் நியாயம் இருந்தது, கிஷோர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெளியே வந்ததும் புவனா கிஷோரை மறித்து, “நீங்க எந்த மாவட்டத்துல பரீட்ச எழுதுறீங்க?” என்று கேட்டாள்.

அவனுடைய காதெல்லாம் சிவந்துவிட்டது. “அதெல்லாம் அப்பா பாத்துக்கிறார்” என்று சொல்லிவிட்டு வேனைத் தேடிப் போனான்.

பரீட்சை முடிந்து முடிவு வந்தது. நான் மருத்துவ பீடத்துக்குக் கிட்டவும் போகவில்லை. புவனா எங்கள் பள்ளியில் அதுவரை யாரும் எடுக்காத புள்ளி எடுத்திருந்தாள். அந்த வருஷம் அவளுக்கு மேலே கிஷோர் மட்டும்தான். பிறகு மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளி வெளிவந்தபோது அவள் அதற்கு ஒரு நூலிழை கீழே இருந்தாள். பட்டியலில் அடுத்த ஆள் அவள்தான் என்று அவளுடைய அப்பா போய் விசாரித்த இடத்தில் சொன்னார்கள். மேலே ஒருவர் கழிந்தால் அவளுக்குக் கிடைக்கும்.

அவள் அப்பா முறையீடு ஒன்று அனுப்பினார். புவனாதான் அதை எழுதிக் கொடுத்தாள். கிஷோர் இங்கே படிக்கவில்லை, வகுப்பில் கேட்டுப் பாருங்கள் என்று ஒரே ஒரு பக்கம். அவர்கள் கேட்பதற்கு ஆளும் எழுதியிருந்தாள். என் பெயரைத்தான்.

விசாரணைக்கு அதிகாரியாக ஒரு சிங்கள மிஸ் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்போது பள்ளியில் அதிபர் இல்லை. சேர்தான் பொறுப்பு. என்னைக் கூப்பிட்டு வர ஆள் அனுப்பினார்கள். அறைக்குள் போவதற்கு முன்னால் சேர் என்னை விஞ்ஞானகூடத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சத்தம் போடவில்லை. மிரட்டவில்லை.

“ஒன் மனசு எனக்குப் புரியுது. புவனா ஒன் கூட்டாளி. அவ பக்கம் நியாயம் இருக்கு. ஆனா வந்திருக்கது யாரு? ஒரு தமிழ்ப் பையன, ஒரு தமிழ்ப் புள்ளயே சிங்கள மிஸ்கிட்ட காட்டிக் குடுத்துச்சுன்னு நாளைக்குச் சொல்லப்படாது.”

“புவனாவும் தமிழ்ப் புள்ளதானே சேர்.”

“அதத்தானே நானும் சொல்றேன். ரெண்டும் நம்ம புள்ளைங்க. யாரு போனாலும் நம்ம ஆளுதான் போறது. நமக்குள்ள அடிச்சுக்கிட்டா அந்த எடமும் கையவிட்டுப் போயிரும்.”

நம்ம ஆள் என்று அவர் சொன்னபோது, லயத்திலயா இருக்கிறீங்க என்று கேட்ட கிஷோரின் குரல் காதில் கேட்டது.

உள்ளே அந்த மிஸ் இடாப்பை விரித்து வைத்திருந்தார். வயதானவர், பொறுமையானவர். முதலில் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கேள்வியைச் சிங்களத்தில் கேட்டார். சேர் அதைத் தமிழில் எனக்குச் சொன்னார். என் பதிலைச் சிங்களத்தில் அவருக்குச் சொன்னார்.

“கிஷோர்ங்கிற பையன் வகுப்புக்கு வந்தானான்னு கேக்குறாங்கம்மா.”

“சில நாள் வந்தான் சேர்” என்றேன்.

அவர் மிஸ் பக்கம் திரும்பி, வந்தான் என்று மட்டும் சொன்னார். ‘சில நாள்’ என்பது அந்தப் பக்கம் போகவே இல்லை. ஹட்டன் கடைத்தெருவில் வளர்ந்த எவருக்கும் அவ்வளவு சிங்களம் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மிஸ் எழுதப் போனவர் எழுதவில்லை. பேனையை வைத்துவிட்டு, சேரைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். “ஹெமதாம ஆவாத?” என்று கேட்டார். தினமும் வந்தானா என்று. சேர் மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். எனக்கு விளங்குகிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு தரம், இன்னும் மெதுவாக, அதையே கேட்டார்.

நான் ஆமென்று தலையாட்டினேன்.

பயத்தால் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்தது. மையால் போட்டதெல்லாம் என் கையெழுத்து. ஆனால் அதோடு வேறொன்றும் இருந்தது. எனக்குக் கிடைக்காதது புவனாவுக்கும் கிடைக்கவில்லை என்பதில் உள்ளுக்குள் எங்கேயோ ஒரு சின்ன நிம்மதி.

அடுத்த வாரம் சேர் புவனா வீட்டுக்குப் போனார். கையில் நர்சிங் பயிற்சிக்கான விண்ணப்பப் படிவம். எல்லோரும் டொக்டராக முடியுமா, சேவை எங்கே இருந்தாலும் சேவைதான் என்று ஆறுதல் சொன்னாராம். அவளுடைய அப்பா வீட்டிலிருந்த ஒரே பீங்கான் கோப்பையில் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினாராம். இதைப் புவனாவின் அம்மா என்னிடம் சொன்னபோது, “நல்ல மனுசன் தாயி, அவரால முடிஞ்சதச் செஞ்சாரு” என்றார்.

பள்ளிச் சுவரில் கிஷோரின் படம் ஏறியது. ‘எமது மண்ணின் மைந்தன்’ என்று கீழே எழுதியிருந்தார்கள். இந்த மண்ணில் ஒரு இரவுகூடத் தங்காத மைந்தன். திரை நீக்கி வைத்துச் சேர் பேசினார். லயத்தில் பிறந்த தான் இந்த நாளைக் காணத்தான் உயிரோடு இருந்ததாகச் சொன்னார். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரும் உண்மையானதுதான். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. வேஷம் போடுகிற ஆளாக இருந்திருந்தால் வெறுப்பது லேசாக இருந்திருக்கும். கிஷோர் டொக்டரானான். இந்த மலைக்கு ஒரு நாள்கூட வேலைக்கு வரவில்லை. வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி.

புவனா நர்சிங்குக்கும் போகவில்லை. சில வருஷம் கழித்து மருத்துவிச்சிப் பயிற்சி எடுத்து, இப்போது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கர்ப்பிணிகளைப் பார்க்கிறாள். நான் கலாசாலைக்குப் போய் டீச்சரானேன். நன்னடத்தைக் கடிதம் சேர்தான் கொடுத்தார். மிக நல்ல கடிதம்.

போன தைமாதம் ஹட்டனில் ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. இப்போது பட்டிமன்றத்தை ஃபோனில் நேரலையாகப் போடுகிறார்களாம், வெளிநாட்டிலெல்லாம் பார்க்கிறார்களாம். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“வெளி மாவட்டத்துப் புள்ளைங்க இங்க வந்து பரீட்ச எழுதுறது சரியா, தப்பான்னு ஒரு தலைப்பு போட்டிருக்கோம் டீச்சர். இப்ப அதுதானே பெரிய பேச்சு. நீங்க வந்து பேசணும். எந்தப் பக்கம் வேணும்னாலும் எடுத்துக்கங்க.”

என் கையிலிருந்த வெற்றிலைத் தட்டை மேசையில் வைத்தேன். இவ்வளவு வருஷம் கேட்காததை அப்போது கேட்டேன்.

“சேர், அன்னைக்கு விசாரணையில நான் ‘சில நாள் வந்தான்’னு சொன்னேன். நீங்க அந்தச் சில நாள மட்டும் சொல்லாம விட்டீங்க. ஏன் சேர்?”

அவர் கோபப்படவில்லை.

“அது எனக்கு ஞாபகம் இல்லம்மா. விட்டிருப்பேன். நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு.” பிறகு அதே பரிவான குரலில், “ஆனா அந்த மிஸ் என்னைய நிப்பாட்டிட்டு உங்ககிட்டயே கேட்டாங்க இல்ல, அது நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார்.

யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர் என் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனார். எனக்கு வாயில் எச்சில் கூட்டி எங்கேயாவது துப்ப வேண்டும் போலிருந்தது. அவர் சொன்னதில் பொய் என்று எடுத்துக் காட்ட ஒன்றுமே இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை புவனாவைத் தேடிப் போனேன். லயத்துக்கு ஏறும் படிக்கட்டில், தோளில் பையோடு வந்துகொண்டிருந்தாள். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இடாப்பு, சேர் விட்ட சொல், நான் தலையாட்டியது. அந்தச் சின்ன நிம்மதியையும் சொன்னேன்.

“அந்த மிஸ் ஒன்கிட்ட எத்தன தரம் கேட்டாங்க?” என்றாள் கடைசியில்.

“ரெண்டு தரம்.”

அவள் பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். கொழுந்து மலைப் பக்கம் பார்த்தாள்.

“நீ இனிமே எங்க வீட்டுக்கு வராதடி. அப்பா ஒன்னையப் பாத்தா, நமக்காகச் சாட்சி சொல்லப் போன புள்ளன்னு இன்னமும் சொல்லுவாரு. அத என்னால கேட்டுக்கிட்டு இருக்க ஏலாது” என்றாள்.

மேலே மூன்றாம் லயத்தில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, என்னைத் தாண்டிப் படியேறிப் போனாள்.